களிமண் நாட்டில் வெள்ளைச் சீருடை

இலங்கை அரசாங்கப் பாடசாலைகளின் சீருடைக்கு வெள்ளை நிறம் விதிக்கப்பட்டமைக்குத் தூய்மை, எளிமை, ஒழுக்கம் என்று பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. அவற்றுள் எது மெய்யானது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம் ஆயினும், அந்த நிறத்தைத் தெரிவுசெய்த பெரியோர்களில் எவரும் மார்கழி மாதத்தில் முருங்கனுக்கும் நானாட்டானுக்கும் இடைப்பட்ட வயற்பாதை ஒன்றில் துவிச்சக்கர வண்டி உருட்டியவரல்லர் என்பதில் கருத்து வேறுபாடு எழ இடமில்லை. அப்பாதைகள் கட்டுக்கரைக் குளத்தின் நீர்ப்பாய்ச்சற் பரப்பைச் சேர்ந்தவை. அருவியாற்றை மறித்துக் கட்டிய தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியே நீரைப் பெற்று, மன்னார் மாவட்டத்தின் காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு விதைத்துச் செய்யும் பெரும்போக நெல்லுக்கு, உயிர்கொடுப்பது அக்குளம். அதன் கீழ் விரிந்துகிடப்பது, மண்ணியலார் குருமுசோல் எனப் பெயரிட்டு வகைப்படுத்தும் கருங்களி. நீர் பட்டவுடன் பருத்துப் பசையாகி, வெயில் பட்டவுடன் சுருங்கி வெடிப்பு வெடிப்பாகப் பிளக்கின்ற மண். நெற்செய்கைக்கு மிக உகந்ததெனப் போற்றப்படும் அம்மண்ணின் பற்றுந்தன்மை, நெல்லின் வேருக்கும் நான்காம் தரப் பிள்ளையின் சட்டை விளிம்புக்கும் இடையே எவ்விதப் பாரபட்சமும் காட்டுவதில்லை.

கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குவதும் இங்கே கருதத்தக்கது. மாரியின் ஈரம் வயலிலும் பாதையிலும் இன்னும் ஊறிநிற்கும் அந்த மாதத்தில்தான், ஆண்டு முழுவதிலும் மிக வெண்மையாயிருக்கும் உடுப்பு ஆண்டு முழுவதிலும் மிகக் கறுப்பாயிருக்கும் சேற்றைச் சந்திக்கிறது. இந்தச் சந்திப்பு எவராலும் திட்டமிடப்பட்டதன்று என்றே கொள்ளவேண்டும். திட்டமிட்டுச் செய்யப்படும் காரியங்கள் இவ்வளவு துல்லியமாக அமைவதில்லை.

ஆராய்ச்சிக்குரிய பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது முறையாகும். சீருடை என்பது ஆண்பிள்ளைக்கு வெள்ளை மேற்சட்டையும் நீலக் காற்சட்டையும் ஆகும். முன்னதை ஊரார் சேட் என்றும் பின்னதைக் கழிசான் என்றும் வழங்குவர். பெண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. பல பாடசாலைகளில் அதனோடு அப்பாடசாலையின் நிறங்களைத் தாங்கிய கழுத்துப்பட்டியும் உண்டு. முஸ்லிம் பெண்பிள்ளைக்கு நீண்ட வெள்ளை மேலாடையும், கால் மறைக்கும் காற்சட்டையும், தலையை மூடும் பர்தாவும். ஆகவே வங்காலையிலும் பேசாலையிலும் ஒரு வெட்டு, எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இன்னொரு வெட்டு என்று, ஒரே சீருடை என்ற பெயரின் கீழ் மன்னாரில் பல உடைகள் அமைதியாகக் குடியிருந்து வருகின்றன. சீருடை என்றால் எல்லாரும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி உடுத்தவேண்டும் என்று வாதிடுவோர் இம்மாவட்டத்துக்கு வந்து பார்த்தால் தம் வாதத்தைத் தளர்த்திக்கொள்ள நேரும்.

இவற்றுள் நீலக் கழிசான் தனிக் கவனத்துக்குரியது. சிறுவன் என்பவன் எங்கே இடங்கண்டாலும் அங்கே அமர்ந்துவிடும் இயல்புடையவன் என்ற உண்மையை அறிந்த ஒருவரே அவனுடைய உடலின் கீழ்ப்பாதிக்குக் கடும் நிறத்தை விதித்திருக்கவேண்டும். சீருடை விதிகளுள் நடைமுறை அறிவு புலப்படும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். சிறுமியும் அமர்வாள் என்பது அந்த அறிஞருக்கு எட்டவில்லை. மேல் வகுப்புக்கு வந்தவுடன் ஆண்பிள்ளைக்கும் அந்தச் சலுகை பறிக்கப்பட்டு வெள்ளை நீளக் காற்சட்டை அணிவிக்கப்படுகிறது. அம்மாற்றம் எந்தத் தரத்தில் நிகழவேண்டும் என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுவதால், மீசை அரும்பிய ஒருவன் முழங்கால் தெரியவும், அவன் தோளுக்கும் எட்டாத அயற்பாடசாலைக்காரன் முழங்கால் மறையவும், இருவரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் காட்சி இங்கே அரிதன்று.

சீருடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களுள் முதன்மையானதும், பெருமளவுக்கு மறுக்கமுடியாததும், அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலவசப் பாடநூல் 1980இல் வந்தது. 1990களின் தொடக்கத்தில், ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் ஆட்சியில், சீருடைத் துணியும் இலவசமாயிற்று. பிரேமதாச எக்காலமும் வெள்ளைத் தேசிய உடையில், ஒரு சுருக்கமோ கறையோ இன்றித் தோன்றியவர் என்பதை அக்காலத்தவர் அறிவர். வெள்ளை உடையை நாள் முழுவதும் வெள்ளையாகவே வைத்திருத்தல் மனிதரால் இயலக்கூடிய காரியம் என்று அவர் தம் சொந்த அனுபவத்திலிருந்து நம்பியிருந்தால், அதற்காக அவரைக் குறைகூற முடியாது.

துணி பங்கிடப்படும்போது பிள்ளை படிக்கும் தரமும், அது ஆணா பெண்ணா என்பதும் பார்க்கப்படும்; பிள்ளையின் உடம்பு பார்க்கப்படுவதில்லை. எனவே ஆறாம் தரத்துக்கு அரசாங்கம் எதிர்பார்த்த அளவைவிட வேகமாக வளர்ந்துவிட்ட பிள்ளையின் தாய், ஒடுங்கிய கையும் குறுகிய மடிப்புமாகத் தைக்கும்படி தையற்காரரை வேண்டிநிற்பதும், மெலிந்த பிள்ளையின் தாய் எஞ்சிய துண்டில் தம்பிக்கு ஒரு சேட் தேறுமா என்று வினவுவதும் ஒவ்வோராண்டும் நிகழும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் துணி நிறுத்தப்பட்டு அதற்குப் பதிலாக வவுச்சர், அதாவது கடையில் கொடுத்துத் துணி பெறுவதற்கான பணச்சீட்டு, வழங்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் ஆட்சி மாறவே மீண்டும் துணி வந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் 2023ஆம் ஆண்டுத் தேவையில் 70 விழுக்காட்டையும், 2024இல் 80 விழுக்காட்டையும், 2025இல் முழுவதையும் சீன அரசாங்கம் அன்பளிப்பாக அனுப்பிவைத்தது. உலகின் பெரிய நகரங்களுக்கெல்லாம் ஆடை தைத்து ஏற்றுமதி செய்து, அதையே தன் முதன்மைக் கைத்தொழில் ஏற்றுமதியாகக் கொண்ட நாடு, தன் பிள்ளைகளுக்கு இன்னொரு நாட்டுத் துணியை உடுத்துவது விந்தையாகத் தோன்றலாம். இலங்கையின் ஆடைத் தொழில் பெரிதும் தையல் தொழிலேயன்றி நெசவுத் தொழிலன்று என்பதை அறிந்தவருக்கு அவ்விந்தை தீர்ந்துவிடும். எவ்வாறாயினும், ஷாங்காய்த் துறையிலோ வேறெங்கோ கப்பலேறிய அந்தத் துணிக்குத் தன் இறுதி எதிரி நானாட்டான் வயலில் காத்திருக்கிறான் என்பது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது நியாயம் சமத்துவம். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே உடை உடுத்தினால் வேறுபாடு மறையும் என்பது இதன் சாரம். இக்கோட்பாடு பொய்யன்று; ஆனால் அது தூரத்தைச் சார்ந்த உண்மை. இதை விளக்குவதற்குச் சமத்துவத் தூரம் என்றொரு கலைச்சொல்லை இங்கே ஆக்கிக்கொள்ளலாம். காலைப் பிரார்த்தனையில் நிற்கும் பிள்ளைகள் அனைவரும் ஒரே நிறமாகத் தெரிவதற்குப் பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டுமோ, அவ்வளவே சமத்துவத் தூரம். கொழும்பில் இருக்கும் கல்வி அமைச்சிலிருந்து பார்க்கையில் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் சமம். மன்னாரிலும் மடுவிலும் உள்ள வலயக் கல்வி அலுவலகங்களிலிருந்து பார்க்கையில் ஏறக்குறையச் சமம். கொடிக்கம்பத்தடியில் நிற்கும் அதிபர் முன்வரிசையை மட்டும் கூர்ந்து பார்த்தால் சமத்துவம் கலையத் தொடங்கும். பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளைக்கோ, அடுத்த பிள்ளையின் வீட்டில் எத்தனை சேட் இருக்கின்றன, அவற்றுள் எது அண்ணனுடையது, சலவைத்தூள் வாங்கியது இந்த மாதமா போன மாதமா என்பனவெல்லாம் ஓர் எழுத்தும் எழுதாமலே தெரிந்துவிடும். வண்ண உடைகள் குடும்பத்தின் வசதியைப் பற்றிப் பொய்சொல்ல வல்லவை. வெள்ளைத் துணிக்கு அந்தத் திறமை கிடையாது.

அதற்குமேல், மன்னாரின் வெள்ளை ஒரு வெள்ளையன்று. தீவுப்பகுதியின் மணலிலிருந்தும் உவர்நீரிலிருந்தும் வரும் சீருடைகளில் மெல்லிய மஞ்சள் சாயல் காணப்படும். முருங்கன், உயிலங்குளம், அடம்பன் பக்கத்துச் சீருடைகள் முழங்காலுக்குக் கீழே சாம்பல் நிறம் கொண்டவை. அந்தச் சாம்பலின் உயரத்தைக் கொண்டு அன்றைய வாய்க்கால் நீர்மட்டத்தை ஓரளவு மதிப்பிடலாம். தெற்கே கொண்டச்சி, சிலாவத்துறைப் பக்கத்துச் செம்மணல் நிலத்துக்குரியவை இளஞ்சிவப்பு. தேர்ந்த ஆசிரியர் ஒருவர் புதிதாய் வந்த பிள்ளையிடம் ஊர்ப்பெயரைக் கேட்காமலே சட்டை விளிம்பைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடும். பிள்ளைகளிடையே வேறுபாட்டை மறைப்பதற்காக அரசாங்கம் வழங்கிய துணி, மாவட்டத்தின் மண்வகைப் படமாக மாறி வகுப்பறையில் வரிசையாக அமர்ந்திருக்கிறது. புவியியல் ஆசிரியருக்கு இதைவிட மலிவான கற்பித்தற் சாதனம் கிடைப்பது அரிது.

சலவை என்னும் கிளைத்துறையை விட்டுவிட்டுச் சீருடையின் நன்மை தீமைகளை நிறுப்பது, ஒரு தட்டை ஒளித்துவைத்துவிட்டுத் தராசு பிடிப்பதாகும். இம்மாவட்டத்தின் கரையோரத்தில் நிலத்தின் அடியில் சுண்ணக்கல் கிடப்பதால் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீர், அதாவது கல்சியம் முதலிய உப்புகள் கரைந்து சவர்க்காரத்தை நுரைக்கவிடாது தடுக்கும் நீர். வன்னீரில் சவர்க்காரம் நுரையாவதற்குப் பதிலாகத் திரையாகித் துணியில் படியும். அந்தப் படிவு காய்ந்தால் வெள்ளை மங்கும். மங்கிய வெள்ளையை மீட்பதற்கு நீலம் போடவேண்டும். நீலம் என்பது அலசுநீரில் சில துளி கலக்கப்படும் சாயம். மஞ்சளை நீலம் மறைப்பதால் கண்ணுக்கு வெண்மை தோன்றும் என்பதே அதன் இயக்கம். எனவே ஒரு துளி குறைந்தால் பிள்ளை மஞ்சளாகவும், இரண்டு துளி கூடினால் வானத்தின் ஒரு பகுதியாகவும் பாடசாலைக்குப் போக நேரும். இதன் பின் உலர்த்தல். மாரியில் உலராவிட்டால் அடுப்பங்கரைக் கொடியில் தொங்கவிடுதல். அங்கே புகைமணம் ஏறுதல். மின்சாரம் நின்றால் சிரட்டைக்கரி போட்ட பழைய ஸ்திரிக்கைப் பெட்டியைத் தேடுதல். அதிலிருந்து ஒரு பொறி தெறித்துப் பையின் ஓரத்தில் ஓட்டை விழுதல் என்று இத்துறை கிளைத்துக்கொண்டே போகும். மன்னார் நகரின் கழுதைகள் புகழ்பெற்றவை. தமிழ்நாட்டுக் கதைகளிலெல்லாம் அழுக்கு மூட்டையோடு பிணைத்துப் பேசப்படும் அந்த உயிரினம் இங்கே எச்சுமையுமின்றி வீதியின் நடுவில் சிந்தனையில் ஆழ்ந்து நிற்கிறது. அழுக்கு மூட்டை முழுவதும் தாய்மாரின் பொறுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டது. சீருடை செலவைக் குறைக்கிறது என்று கணக்கிடுவோர் துணியின் விலையைக் கழிக்கிறார்கள். தாயின் மாலைப்பொழுதை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை.

மடிப்பு பற்றியும் சில சொல்லவேண்டும். மடிப்பு என்பது பிள்ளை வளரும் என்ற நம்பிக்கையில் சட்டையின் கீழ் ஓரத்தில் உள்ளே மடித்துத் தைக்கப்படும் துணிச் சேமிப்பு. வளர்ச்சிக்கேற்ப ஒவ்வொரு மடிப்பாக அவிழ்க்கப்படும். அவிழ்த்த இடத்தில் பழைய கோடு அழியாமல் நிற்கும். மரத்தை அறுத்து ஆண்டு வளையம் எண்ணுவதுபோல, மூன்று கோடுள்ள சட்டையைப் பார்த்து அது எத்தனை ஆண்டு உழைத்தது என்பதை எண்ணிவிடலாம். ஒரு கோடு நடுவே விலகியிருந்தால் அது இரண்டாவது பிள்ளையிடம் வந்துவிட்டதென்று பொருள்.

இனி மூன்றாவது நியாயமாகிய ஒழுக்கம். சீருடை அணிந்த பிள்ளை ஒழுங்காய் நடக்கும் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. இலண்டனில் 1552இல் தொடங்கிய கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் உடுத்தியது. நீலம் அன்று மலிவான சாயம். மஞ்சள் காலுறைக்கு எலிகள் கிட்டவரா என்பது ஒரு கதை. ஏழைப்பிள்ளை என்று தூரத்திலேயே தெரிவதற்காக விதிக்கப்பட்ட அந்த உடையை அப்பாடசாலை இன்றுவரை பெருமையோடு உடுத்திவருகிறது. ஆக, சீருடையின் தொடக்கம் வேறுபாட்டை மறைப்பதற்காகவன்றிக் காட்டுவதற்காகவே இருந்தது. ஜப்பானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் படையுடையைப் பார்த்து மாணவருக்கு மூடிய கழுத்துள்ள கறுப்பு உடுப்புத் தைத்தனர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லோங் பீச் கல்வி மாவட்டம் 1994இல் சீருடையைக் கட்டாயமாக்கியது. 1996இல் ஜனாதிபதி கிளின்ரன் அதனைப் புகழ்ந்தார். 1998இல் பிறன்ஸ்மா, றொக்குமோர் என்னும் இரு சமூகவியலாளர் பெருந்தொகையான மாணவரின் தரவுகளை ஆராய்ந்து, வரவிலோ நடத்தையிலோ சீருடையால் நேரடி விளைவு எதையும் காணமுடியவில்லை என்று எழுதினர். முடிவு எந்த அதிபரையும் பாதித்ததாகத் தெரியவில்லை.

கட்டுக்கரையின் சான்று இதற்குச் சற்று அப்பால் செல்கிறது. குளமும் அதைச் சூழ்ந்த பகுதியும் 1954ஆம் ஆண்டு முதல் சரணாலயம். நீர்ப்பறவைகள், குறிப்பாகக் கொக்கும் நாரையும், பெருந்தொகையாகக் கூடுமிடம். பாடசாலைக்குப் புறப்பட்டுப் பாடசாலையை அடையாத மாணவர் சிலரும் அவ்வப்போது குளக்கட்டில் கூடுவதுண்டு. வெண்ணிறக் கொக்குகளிடையே வெண்ணிறச் சேட்டுகள் தூரத்துக் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரிவதில்லை. எந்தத் தலைமறைவும் கேட்காத ஒருவனுக்கு அரசாங்கமே தலைமறைவு உடை தைத்துக்கொடுத்திருக்கிறது என்றாகிறது. வேற்று நிற உடையில் சென்றிருந்தால் அவன் அகப்பட்டிருப்பான். பறவைக் கணக்கெடுப்போர் எண்ணிக்கையைச் சனிக்கிழமைகளில் எடுப்பது அறிவியலுக்கு நன்மை பயக்கும். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் இக்கட்டுக்கரைப் பகுதியில் நடந்த அகழ்வாய்வில் பழங்கால மக்களின் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. இன்னும் பல நூற்றாண்டு கழித்து அங்கே தோண்டுவோர் பிளாத்திக்குப் பொத்தான்களின் தனிப் படையொன்றைக் கண்டு, இது எவ்வகை வழிபாட்டின் எச்சம் என்று தயங்குவார்களாயின், குளிப்பதற்கு அவசரமாகக் கழற்றிய சேட்டுகளே விடை.

தூரத்திலேயே தெரிதல் என்ற பண்பு பேருந்துப் போக்குவரத்திலும் தனக்குரிய விளைவை உண்டாக்குகிறது. பாடசாலைப் பிள்ளை குறைந்த கட்டணத்திலோ பருவகாலச் சீட்டிலோ பயணிக்கும் உரிமையுடையது. அந்த உரிமை அதன் உடையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனவே வளைவு திரும்பும்போதே தரிப்பிடத்தில் நிற்பது வெள்ளைக் கூட்டம் என்று கண்டுகொள்ளும் சாரதிக்கு, நிறுத்துவதா விடுவதா என்று முடிவெடுக்கப் போதிய அவகாசம் கிடைக்கிறது. சீருடை இல்லாதிருந்தால் அவர் ஏமாந்து நிறுத்தியிருக்கக்கூடும்.

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியில், வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்றில் துவிச்சக்கர வண்டி மிதிக்கும் பெண்பிள்ளையின் கழுத்துப்பட்டி பற்றி அதிகம் விரிக்கத் தேவையில்லை. அது கழுத்தில் தொங்குவதைவிட முகத்தில் அறைவதே மிகுதி. தீவின் தென்கரையில் 2020இன் இறுதியில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைத் தொகுதி 30 சுழலிகளைக்கொண்டு 103.5 மெகாவாற்று மின்சாரம் உண்டாக்கும் திறனுடையது; அங்கே காற்று உண்டா என்று ஆராய்வதற்குக் கருவிகள் நட்டு அளந்தனர். இரண்டு மாணவிகளைக் கேட்டிருக்கலாம்.

நகைப்புக்கு இடந்தராத பக்கமும் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை இல்லாத வயதினருக்கு வெள்ளைச் சீருடையே முதல் அடையாளமாக நின்றது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், அதற்கு முன்னும் பின்னும் தமிழ்க் குடும்பங்கள் மடுவுக்கும் அதற்கு அப்பாலும் இடம்பெயர்ந்தபோதும், பிள்ளைகள் அகப்பட்ட உடுப்போடு மரநிழலிலும் கொட்டில்களிலும் படித்தார்கள். கலர் உடுப்போடு கற்ற பெருக்கல் வாய்பாடு பிழைத்துவிடவில்லை. ஆயினும், சற்று நிலைபெற்றவுடன் பெற்றோர் முதலில் தேடியவற்றுள் வெள்ளைத் துணியும் ஒன்று. பிள்ளை வெள்ளையில் வெளிக்கிட்டால் பாடசாலை மீண்டும் தொடங்கிவிட்டது என்று பொருள். பாடசாலை தொடங்கினால் ஊர் திரும்பிவருகிறது என்று பொருள். கல்வியியலாளரின் அளவுகோல்கள் இதை அளக்கவில்லை.

பெரியவர்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் இடமுண்டு. ஆசிரியைகளுக்குச் சேலை என்பது நெடுநாள் விதி. பொருளாதார நெருக்கடியின்போது 2022 நவம்பரில் நாட்டின் சில இடங்களில் ஆசிரியைகள் சேலையல்லாத எளிய உடையில் பணிக்கு வந்தனர். சேலை வாங்கும் செலவும், அதை உடுத்திப் பேருந்தில் தொங்கும் சிரமமும் அவர்கள் காட்டிய காரணங்கள். உடை விதியில் மாற்றமில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்தது. பிள்ளைகளின் கழுத்துப்பட்டி முடிச்சை நாள்தோறும் திருத்தும் ஆசிரியர் சமூகம், தன் உடைமீது கைவைக்கப்படும்போது தனிமனித உரிமையின் நுட்பங்களைத் தெளிவாக எடுத்துரைத்தது பாராட்டுக்குரியதே. அந்த நுட்பங்களை வாயிற்கதவில் நிற்கும் மாணவ தலைவருக்கும் எவரேனும் கற்பித்தால் நன்று. வெள்ளைச் சப்பாத்தில் கறுப்பு விளிம்பு தெரிகிறது என்பதற்காக ஒரு பிள்ளை முதற்பாடத்தை இழப்பதும், அக்குறையை மறைக்க வகுப்பறை வெண்கட்டியைச் சப்பாத்தில் தேய்த்துவிட்டு வருவதும், பின்னர் வெண்கட்டி இல்லையென்று இரண்டாம் பாடத்தை ஆசிரியர் இழப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். 250க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க 3000 ரூபா வவுச்சர் அண்மையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. இலவசத் துணி கொடுத்த அரசாங்கத்துக்கு, பிள்ளைக்குக் கால்களும் உண்டு என்பது பிந்தியேனும் நினைவுக்கு வந்திருக்கிறது.

இவ்வளவும் கேட்ட பின் எளிய தீர்வு ஒன்று எவருக்கும் தோன்றும்: நிறத்தை மாற்றிவிடலாமே. கருங்களியின் நிறத்திலேயே சீருடை தைத்தால் நீலமும் வேண்டாம், சவர்க்காரமும் பாதி போதும், கொக்குகளிடையே ஒளிவதும் நின்றுபோகும். தருக்கப்படி இதற்கு மறுப்புச் சொல்ல இயலாது. ஆனால் கட்டுக்கரை வயற்பரப்பில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் இதை முன்மொழிபவர் தனியே வீடு திரும்ப வேண்டியிருக்கும். வயலுக்கு இறங்குபவர் சேற்றுநிறத் துணிதான் உடுத்துவர். கரைவலை இழுப்பவர், வள்ளத்தில் போகிறவர் எவரும் வெள்ளை உடுத்துவதில்லை. இம்மாவட்டத்தின் உழைப்பு எதற்கும் உதவாத ஒரே உடை வெள்ளை உடை. அதனாலேயே அது பிள்ளைக்கு வேண்டும். வெள்ளை உடுத்திய பிள்ளையை வரம்பில் கண்டால், தண்ணீர் மாறிவிடு என்றோ மாட்டைத் துரத்து என்றோ எந்தப் பெரியப்பாவும் ஏவுவதில்லை. அது பள்ளிக்குப் போகிற பிள்ளை என்று வழிவிடுவார். காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை சேற்றிலிருந்தும் வலையிலிருந்தும் பெற்றுக்கொண்ட விடுமுறைச் சீட்டாக அந்தத் துணி பயன்படுகிறது. தாய் இரவில் அமர்ந்து கசக்கி எடுப்பது கறையையன்று, அந்தச் சீட்டின்மேல் ஒட்டிய சந்தேகத்தையே என்று கொண்டால், அவர் நீலத்துளியை அவ்வளவு கவனமாக எண்ணுவதன் காரணம் விளங்கும். துவைப்பவர் தாயாக மட்டுமே இருக்கவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை என்பதைத் தகப்பன்மார் அறிந்துகொள்வது மட்டும் எஞ்சியிருக்கிறது.

சீருடையின் இறுதிக்காலம் பற்றி ஒரு குறிப்போடு இவ்வாராய்ச்சி முடிகிறது. அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து சித்தப்பா மகனுக்கும் இறங்கிய சேட், பொத்தான்கள் யாவும் வேறொரு சேட்டுக்குப் பெயர்க்கப்பட்டபின், சைக்கிள் சங்கிலி துடைக்கும் துணியாகவோ, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கைப்பிடித் துணியாகவோ ஆகும். நல்லூழ் வாய்த்த சில காலபோகக் கதிர் முற்றும் நேரத்தில் வயலுக்குப் போய், இரண்டு தடிகளில் ஏறி, வெருளியாக நிற்கும். வெருளியாவது, பறவைகளை அச்சுறுத்த வயலில் நாட்டப்படும் பொய்யுரு. சேட்டு உள்ளே விடப்பட்டு, நிமிர்ந்து, பேசாமல், ஒரு நாளும் வரவு தவறாமல் நிற்கும் அந்த உருவத்தைக் கிளிகள் பொருட்படுத்துவதில்லை. மயில்கள் அதன் காலடியிலேயே மேயும். பையில் தைத்த பாடசாலைச் சின்னத்தைப் பிய்த்தெடுக்கப் பெரும்பாலும் எவருக்கும் நேரமிருப்பதில்லை. ஆதலால் வெருளி எந்தப் பாடசாலையைச் சேர்ந்தது என்பது வீதியில் போகிற யாவருக்கும் தெரிந்துவிடுகிறது. பக்கத்து ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் அதைக் கடக்கும்போது சைக்கிளை மெதுவாக்கி, அதன் அதிபருக்குத் தங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கும்படி உரத்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.